மேடு கேட்கும் கணக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஃபோர்ட் வில்லியம் ஊரை ஒட்டி நிற்கிறது பென் நெவிஸ். உயரம் 1,345 மீட்டர். இமயமலையைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு குன்றுதான். ஆனால் பிரிட்டனில் இதைவிட உயரமான இடம் கிடையாது. பாதை ஏறத்தாழக் கடல்மட்டத்திலேயே தொடங்குவதால் அந்த 1,345 மீட்டரில் தள்ளுபடி எதுவும் இல்லை; முழுவதையும் காலால்தான் கட்ட வேண்டும்.

கோடைகாலச் சனிக்கிழமைகளில் இந்த மலையடிவாரத்தில் ஒரே நிறப் பனியன் போட்ட சிறு கூட்டங்களைப் பார்க்கலாம். முதுகில் ஒரு மருத்துவமனையின் பெயரோ, ஒரு வார்டின் பெயரோ, ஓர் அறக்கட்டளையின் சின்னமோ இருக்கும். புற்றுநோய்ப் பிரிவுக்காக, குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்காக, இதய அறுவைப் பிரிவுக்காக ஏறுகிறவர்கள் அவர்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தால், தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே தொடங்கி நேர்கோடாக இறங்கும் வடு கண்ணில் படும். நெஞ்சைப் பிளந்து செய்த அறுவை சிகிச்சையின் தழும்பு அது. ‘நான் இந்த மலையை ஏறுகிறேன், நீங்கள் என்னைக் காப்பாற்றிய மருத்துவமனைக்குப் பணம் கொடுங்கள்’ என்று நண்பர்களிடமும் அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் கேட்டுவிட்டு வந்து நிற்கிறார். நம் ஊரில் இதை நேர்த்திக்கடன் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இதயத்தை வெட்டித் தைத்துக்கொண்ட ஒருவர் மலை ஏறலாமா? வீட்டிலுள்ள பெரியவர்கள் பதறுவார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பல மருத்துவர்களும் பதறியிருப்பார்கள். இன்று பதற்றத்துக்குப் பதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேடு ஒவ்வொன்றும் இதயத்திடம் எவ்வளவு கேட்கிறது, பழுது பார்த்த இதயம் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற வரவு செலவுக் கணக்கு.

செலவிலிருந்து தொடங்கலாம். சமதளத்தில் ஒரு மீட்டர் நடக்க, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.1 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் செலவாகிறது. அதே உடலை ஒரு மீட்டர் மேலே தூக்க 1.8 மில்லிலிட்டர் வேண்டும். அதாவது ஒரு மீட்டர் ஏறுவது பதினெட்டு மீட்டர் நடப்பதற்குச் சமம். உடற்பயிற்சி ஆய்வகங்களில் டிரெட்மில்லைச் சாய்த்து வைத்துக் கணக்கிடுகிறவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் இது. பென் நெவிஸுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், வரைபடத்தில் எட்டுக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் ஏறுபாதை, உயரத்துக்காக மட்டும் கூடுதலாகச் சுமார் 24 கிலோமீட்டரை வசூலிக்கிறது. ‘என்ன, எட்டுக் கிலோமீட்டர்தானே’ என்று கிளம்பியவர்கள் பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து பெருமூச்சு விடுவது இதனால்தான்.

வேகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கிறது. இதயநோய் மருத்துவர்கள் இதை ஒரு மெட் என்கிறார்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடந்தால் ஏறத்தாழ 3 மெட். அதே வேகத்தில், நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் ஏறினால் 6 மெட்டைத் தாண்டிவிடும். வேகத்தை 3 கிலோமீட்டராகக் குறைத்தால் அது 5 மெட்டுக்கு இறங்கும். மலை நகராது, சரிவும் குறையாது. ஆனால் வேகம் நடப்பவர் கையில் இருக்கிறது. மூட்டை தூக்கிப் பழகியவர்களும் மலையில் பிறந்து வளர்ந்தவர்களும் சூத்திரம் எதுவும் படிக்காமலே மெல்ல மெல்ல ஏறுகிறார்கள்.

இந்தச் செலவை இதயம் எப்படிச் சமாளிக்கிறது? இங்கேதான் இதயத்துக்கும் மற்றத் தசைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு வருகிறது. தொடைத் தசை ஓய்வில் இருக்கும்போது, தன்னைக் கடந்து போகும் இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனில் கால்வாசியைத்தான் எடுக்கும். வேலை கூடினால் மிச்சத்திலும் கைவைக்கலாம். இதயத் தசைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஓய்விலேயே அது தனக்கு வரும் ஆக்ஸிஜனில் முக்கால்வாசியை உறிஞ்சிவிடுகிறது. இன்னும் வேண்டுமென்றால் ஒரே வழி, அதிக இரத்தம் வர வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்குக் கால் லிட்டர் அளவில் ஓடும் கரோனரித் தமனிகளின் இரத்தம், ஆரோக்கியமான ஒருவருக்குக் கடும் உழைப்பின்போது நான்கைந்து மடங்காகப் பெருகும். தமனிக்குள் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகியிருந்தால் அந்தப் பெருக்கம் நடக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. மேட்டில் கால் வைத்ததும் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும்.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1772-ல் அச்சான தன் கட்டுரையில் இந்த நோய்க்கு அஞ்சைனா பெக்டோரிஸ் என்று பெயர் வைத்தபோது கவனித்த முதல் விஷயமே அதுதான். நடக்கும்போது வலி வருகிறது, மேட்டில் ஏறும்போது இன்னும் அதிகமாக, அதுவும் சாப்பிட்டவுடன் ஏறினால் நிச்சயமாக, நின்றால் போய்விடுகிறது. அவரிடம் ஈ.சி.ஜி. கிடையாது, ஸ்டெதஸ்கோப் கூடக் கிடையாது. அது 1816-ல்தான் வந்தது. ஊரில் இருந்த மேடுகள்தான் அவருடைய பரிசோதனைக் கருவி. இன்றைய மருத்துவமனையில் மார்பில் ஒயர்களை ஒட்டி, டிரெட்மில்லை நிமிடத்துக்கு நிமிடம் சாய்த்துச் சாய்த்து நடக்க விடுகிறார்களே, அதுவும் அறைக்குள் கொண்டுவந்த ஒரு மேடுதான். ஹெபர்டன் இன்னொன்றையும் எழுதி வைத்தார். அவருக்குத் தெரிந்த நோயாளி ஒருவர் தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை வழக்கமாக்கிக்கொண்டு, ஏறத்தாழக் குணமே அடைந்துவிட்டாராம்.

அந்த மரம் அறுத்த மனிதரை மருத்துவ உலகம் மறந்தது, நினைத்தது, மறுபடியும் மறந்தது. டப்ளின் நகர மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-ல் இதயநோய் பற்றி எழுதிய நூலில், படிப்படியாகக் கூட்டிய நடையைப் பரிந்துரைத்தார். 1880-களில் ம்யூனிக் பேராசிரியர் மேக்ஸ் யோசப் எர்ட்டெல் ஒரு படி மேலே போனார். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இருந்த சுகவாச ஊர்களில் மலைப்பாதைகளைச் சரிவுக்குத் தக்கபடி தரம் பிரித்து, நோயாளிக்கு இன்று இந்தப் பாதை, அடுத்த வாரம் அடுத்த பாதை என்று எழுதிக்கொடுத்தார். நிலத்தின் சரிவே மருந்து என்ற பொருளில் இதற்கு ‘டெரைன்கூர்’ என்று பெயர். நோயாளிகளைத் தண்ணீர் குறைவாகக் குடிக்கச் சொல்லி வதைத்ததும் அதே எர்ட்டெல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பாதை விஷயத்தில் அவர் பிடித்தது சரியான நுனி.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். புரண்டு படுக்கவும், சோறு ஊட்டவும்கூட ஆள் உதவி. வெந்த புண் ஆறுமட்டும் அசையக் கூடாது என்பது அவர்களுடைய தர்க்கம். அசையாத காலில் இரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. மாரடைப்பில் பிழைத்தவர் படுக்கையில் செத்தார். பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவைனும் அவரிடம் பயின்ற இளம் மருத்துவர் பெர்னார்ட் லவுனும் 81 நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேறொன்றும் செய்யவில்லை, உட்கார வைத்தார்கள், அவ்வளவே. 1952-ல் அவர்கள் அதை வெளியிட்டபோது அது ஒரு கலகம். (இந்த லவுன்தான் பிற்காலத்தில் அணுஆயுதங்களுக்கு எதிராக மருத்துவர்களைத் திரட்டினார், அந்த அமைப்புக்கு 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாற்காலியில் தொடங்கிய பழக்கம் போலும்.)

படுக்கை எவ்வளவு கொடியது என்பதை எண்ணில் காட்டியது 1966-ல் டெக்ஸஸ் மாநிலம் டாலஸில் நடந்த சோதனை. இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்களின் உச்ச ஆக்ஸிஜன் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்திருந்தது. அதே ஐந்து பேரை முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில் மறுபடியும் அளந்தார்கள். முப்பது ஆண்டு வயதானதால் இழந்ததைவிட, அந்த மூன்று வாரத்தில் இழந்தது அதிகம்.

இனி அறுவை மேசைக்கு வரலாம். இதயத்தைத் திறக்க வேண்டுமென்றால் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சில நிமிடங்களில் மூளை போய்விடும். அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் இந்த முடிச்சை அவிழ்க்க இருபது ஆண்டுகள் செலவிட்டார். 1953 மே 6-ல் ஃபிலடெல்ஃபியாவில், இதயச் சுவரில் ஓட்டையோடு இருந்த 18 வயதுப் பெண்ணின் இரத்த ஓட்டத்தை 26 நிமிடம் அவருடைய எந்திரம் ஏற்றுக்கொண்டது. ஓட்டை அடைபட்டது, அந்தப் பெண் பிழைத்தார். அடுத்து வந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. மனம் உடைந்த கிப்பன் அந்த அறுவையையே கைவிட்டார். எந்திரத்தை வேறு கைகள் எடுத்துத் திருத்தின.

1967-ல் கிளீவ்லேண்டில் பணியாற்றிய அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து சிரை ஒன்றை எடுத்து, அடைபட்ட கரோனரித் தமனியைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுப்பாதையாகப் பொருத்தினார். பம்பாஸ் சமவெளியில் பன்னிரண்டு ஆண்டுகள் கிராமத்து டாக்டராக இருந்தவர் அவர். இன்று நாம் சர்வசாதாரணமாக ‘பைபாஸ்’ என்று சொல்லும் சிகிச்சை இதுதான். கால் சிரைக்குள் இரத்தம் கீழே வழியாமல் தடுக்கும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. நேராக வைத்துத் தைத்தால் அவை ஓட்டத்தை மறிக்கும். அதனால் சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: மலை ஏறப்போகிறவருக்கு நெஞ்சில் ஒரு வடு என்றால், கணுக்காலுக்கு மேலே இன்னொரு வடு. இதயத்துக்காக நாளத்தைத் தானம் செய்த அதே கால்தான் பிறகு மலையும் ஏற வேண்டும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் அந்தக் கால் வீங்குவதும் கணுக்கால் மரத்துப்போவதும் பலருக்கு நேர்வது.

நெஞ்செலும்பு தனிக்கதை. நீளவாக்கில் அறுத்து இரண்டு பக்கமும் விலக்கி, வேலை முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். கம்பி ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும். எலும்பு ஒட்ட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது, கையூன்றி எழக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். முதுகுப்பையின் பட்டைகள் தோளைப் பின்னுக்கு இழுப்பவை, ஊன்றுகோல் நெஞ்சுத் தசைகளை வேலை வாங்குவது. ஆகவே மலைக்குத் தேவையான எல்லாச் சாமானும் முதல் மூன்று மாதம் அலமாரியில்தான். கால்களுக்குத் தடை இல்லை. அறுவைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கட்டிலைச் சுற்றி நான்கு அடி, பிறகு வராந்தா, வீட்டுக்கு வந்ததும் தெருமுனைவரை ஐந்து நிமிடம், ஒரு நாளில் சில முறை. சில வாரம் கழித்து மருத்துவமனையின் மறுவாழ்வு வகுப்பு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது என்று அங்கே நடப்பது பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஒட்டுப்போட்ட குழாயில் இரத்தம் அறுவை முடிந்த அன்றே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆனால் படுக்கையில் கரைந்த தசையையும் ஆக்ஸிஜன் திறனையும் எந்த அறுவை மருத்துவராலும் தைத்துக் கொடுக்க முடியாது. பென் நெவிஸ் கேட்கும் 5 மெட்டும் 6 மெட்டும் அந்த ஒற்றைப் படியில்தான் சேருகின்றன.

எல்லோரும் இப்படி வரிசையாகப் போவதில்லை. துருவப் பயணி ரனல்ஃப் ஃபைன்ஸை வரிசையில் நிறுத்த யாராலும் முடிந்ததில்லை. பனிக்கடியால் கருகிய விரல் நுனிகளைத் தானே ரம்பத்தால் அறுத்துக்கொண்டவர் அவர். 2003 ஜூனில், பிரிஸ்டல் விமான நிலையத்தில் விமானம் கிளம்பக் காத்திருந்தபோது ஃபைன்ஸுக்கு மாரடைப்பு. பல முறை மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்டு, பிரிஸ்டல் மருத்துவமனையில் இரட்டை பைபாஸ் செய்தார்கள். மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். வயது 59. ஐந்து மாதம் நிறைவதற்குள், நண்பரும் மருத்துவருமான மைக் ஸ்ட்ரவுடுடன் சேர்ந்து ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். பட்டகோனியா, ஃபாக்லாந்து தீவுகள், சிட்னி, சிங்கப்பூர், லண்டன், கெய்ரோ, நியூயார்க். பணம் போய்ச் சேர்ந்தது பிரிட்டிஷ் இதய அறக்கட்டளைக்கு. நாடித்துடிப்பு 130-ஐத் தாண்டக் கூடாது என்பது அவருடைய அறுவை மருத்துவர் போட்ட நிபந்தனை.

ஏன் 130? நாடித்துடிப்புதான் இதயத்தின் செலவுமானி. அது ஏறினால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. துடிப்பு கூடக் கூட இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் அதிகம் வேண்டும். ஆனால் இடது கீழறையின் தசைக்குள் இரத்தம் பெரும்பாலும் இதயம் தளர்ந்து விரியும் இடைவேளையில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமானால் முதலில் சுருங்குவது அந்த இடைவேளை. தேவை கூடும் நேரம் பார்த்து வரவு குறையும். கிளாஸ்கோ அருகே பிறந்த ஜேம்ஸ் பிளாக், வரவைக் கூட்ட முடியாவிட்டால் தேவையைக் குறைத்துப் பார்க்கலாமே என்று யோசித்தார். அட்ரினலின் இதயத்தில் வந்து பற்றும் கொக்கிகளை மறைக்கும் மருந்துகளைத் தேடி, 1960-களில் புரோப்ரனலாலைக் கொண்டுவந்தார். பீட்டா பிளாக்கர் என்று மருந்துச்சீட்டில் வரும் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று அது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு.

இந்த மாத்திரை சாப்பிட்டு மலை ஏறுகிறவருக்கு ஒரு சிக்கல் உண்டு. கையிலுள்ள கடிகாரம் 105 என்று காட்டும்; உடம்போ முழுமூச்சில் போராடிக்கொண்டிருக்கும். மருந்து துடிப்புக்குக் கடிவாளம் போட்டுவிட்டதால் எண்ணை நம்ப முடியாது. அதற்குத்தான் ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல். 6-லிருந்து 20 வரை எண்கள். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று நோயாளியே ஓர் எண் சொல்ல வேண்டும். 6-ல் ஏன் தொடங்குகிறது என்றால், பத்தால் பெருக்கினால் இளைஞர் ஒருவரின் ஓய்வுத் துடிப்பு 60 வரும். 20-ஐப் பெருக்கினால் உச்சத் துடிப்பு 200. மறுவாழ்வு வகுப்புகளில் பெரும்பாலும் 11-க்கும் 13-க்கும் இடையே இருக்கச் சொல்கிறார்கள். ‘சுலபம்’ என்பதிலிருந்து ‘கொஞ்சம் கடினம்’ வரை. காகிதம் கையில் இல்லையென்றால் இன்னும் எளிய சோதனை இருக்கிறது: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மலையில் வாயாடிகள் பிழைத்துக்கொள்வார்கள்.

ஃபைன்ஸ் ஏழு மாரத்தானோடு நிற்கவில்லை. 2005-ல் அதே இதய அறக்கட்டளைக்காகத் திபெத் பக்கமிருந்து எவரெஸ்ட் ஏறினார். உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே நெஞ்சு இறுகிப் பிடித்தது. திரும்பினார். 2008-ல் நேபாளப் பக்கம். அப்போதும் திரும்ப வேண்டிவந்தது. 2009 மே மாதம், 65 வயதில் உச்சியில் நின்றார். மூன்று முயற்சிகளில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்கது முதலாவதுதான். எவரெஸ்ட் உச்சியில் ஆக்ஸிஜன் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. செலவு அதேதான், வரவு மூன்றில் ஒன்று. ஃபைன்ஸின் உடல் 1772-ல் ஹெபர்டன் எழுதிய அதே வாக்குமூலத்தைக் கொடுத்தது: மேட்டில் வலி. கேட்டுக்கொண்டு இறங்கியதால்தான் 2009 என்ற ஆண்டு அவருக்கு வாய்த்தது.

பென் நெவிஸில் அந்த உயரச் சிக்கல் இல்லை. அங்கே இருப்பது குளிர். ஜூன் மாதத்திலும் உச்சிக்கு அருகே பனித்திட்டுகள் கிடக்கும். குளிர்க்காற்று முகத்தில் அடித்தால் தோல் நாளங்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். இதயம் கூடுதல் எதிர்ப்பை முட்டித் தள்ள வேண்டும். இதயநோயாளிகளைக் கழுத்துத் துணியால் வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வது இதனால். சட்டைப்பையில் நைட்ரோகிளிசரின் ஸ்பிரேயும் இருக்கும். டைனமைட்டின் உயிர்ப்பொருளான அதே நைட்ரோகிளிசரின்தான், நாக்கின் அடியில் படும்போது நாளங்களைத் தளர்த்துகிறது. ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு மருத்துவர்கள் அதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

கூட்டம் ஏறிப்போகும் அந்தப் பாதையும் அறிவியல் போட்டுக் கொடுத்ததுதான். 1881 கோடையில் கிளெமென்ட் ரேக் என்பவர் வெப்பமும் அழுத்தமும் குறிக்கத் தினமும் இந்த மலையை ஏறி இறங்கினார். அவருடைய பிடிவாதத்தின் விளைவாக 1883-ல் உச்சியில் வானிலை ஆய்வகம் எழுந்தது. சாமான் சுமக்கும் குதிரைகளுக்காக வளைந்து வளைந்து போகும் பாதையும் போட்டார்கள். குதிரைக்குத் தோதான சரிவு, ஒட்டுப்போட்ட இதயத்துக்கும் தோதாக அமைந்துவிட்டது. 1904-ல் மூடப்பட்ட ஆய்வகத்தின் இடிந்த சுவர்கள் இன்னும் உச்சியில் நிற்கின்றன, படம் எடுத்துக்கொள்ள வசதியாக.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு ஏறுவானேன்? நன்றி சொல்ல ஒரு கடிதம் போதாதா? பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதார சேவை சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. நெஞ்சைத் திறந்து மூடி வீட்டுக்கு அனுப்பும்போது பில் கிடையாது. கடன் தீர்க்க ஒரு கவுண்டர் இல்லாதபோது நன்றி வேறு வழி தேடுகிறது. அரசுப் பணம் எட்டாத தேவைகளும் உண்டு. நோயாளியின் குடும்பம் தங்க ஓர் அறை, கூடுதல் கருவி ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒரு தொகை. மருத்துவமனைகளை ஒட்டி இயங்கும் அறக்கட்டளைகள் இவற்றுக்குத்தான் பணம் திரட்டுகின்றன.

ஆனால் மற்றவர்கள் ஏன் கொடுக்கிறார்கள்? ஒருவர் மலை ஏறுவதால் மருத்துவமனைக்கு ஒரு பைசா லாபமில்லை. உளவியலாளர்கள் கிறிஸ்டஃபர் ஒலிவோலாவும் எல்டர் ஷஃபீரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தோண்டியது. ஒரே நற்காரியத்துக்கு ஒரு பிக்னிக், ஓர் ஐந்து மைல் ஓட்டம் என்று இரண்டு வழிகளைக் காட்டினார்கள். சுகமான பிக்னிக்கைவிட, வியர்க்க விறுவிறுக்க ஓட வேண்டிய வழிக்கே மக்கள் அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். பட்ட பாடு காரியத்துக்கு மதிப்புக் கூட்டுகிறது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரிடம் ‘பஸ் ஓடுகிறதே’ என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு ஆய்வு தேவைப்படாது.

பட்ட பாட்டை மீட்டரில் அளக்க முடியாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2020 ஏப்ரலில், நூறு வயதை எட்டவிருந்த முன்னாள் ராணுவ அதிகாரி டாம் மூர், தன் இடுப்பெலும்பு முறிவுக்கும் புற்றுநோய்க்கும் சிகிச்சை தந்த சுகாதார சேவைக்கு நன்றியாக, கைத்தாங்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் நடந்தார். 25 மீட்டர் நீளத்தில் நூறு நடை. மொத்தமே இரண்டரைக் கிலோமீட்டர், ஏற்றமில்லை. ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தவருக்கு 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது. நூறு வயது உடலுக்கு அந்தத் தோட்டத்துச் சமதளம் எத்தனை மெட் என்று யாரும் அளக்கவில்லை. பார்த்தவர்கள் தாமாகவே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

மலைக்குத் திரும்பலாம். இறக்கத்தில் இதயத்துக்கு நிம்மதி. ஆக்ஸிஜன் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அடி வாங்குவது தொடை. ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது; அப்படி நீளும்போது இழைகளில் நுண்ணிய கிழிசல் விழும். மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்க வைப்பது ஏற்றமில்லை, இந்த இறக்கம்தான். செயற்கை வால்வு பொருத்தி வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை வேறு: இரத்தம் சுலபத்தில் உறையாது, ஆகவே சறுக்கி விழக் கூடாது.

அடிவாரம் வந்ததும் நேரே காரில் ஏறி உட்காருவதும் நல்லதில்லை. உழைத்த காலின் நாளங்கள் விரிந்து கிடக்கின்றன. நடை சட்டென நின்றால் இரத்தம் அங்கேயே தேங்கி, தலை சுற்றும். ஐந்து பத்து நிமிடம் மெதுவாக உலவ வேண்டும்.

வேறொருவரின் இதயத்தோடு வாழ்கிறவர்களுக்கு இந்த உலாவல் இன்னும் நீளும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கெல்லி பெர்கின்ஸுக்கு 1995-ல் இதயம் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறைமேல் நின்றார். பிறகு விட்னி, ஃபூஜி, 2001-ல் கிளிமஞ்சாரோ, 2003-ல் மேட்டர்ஹார்ன். இதயத்தை எடுத்து மாற்றும்போது அதற்கு வரும் நரம்புகளும் அறுபடுகின்றன. தைத்து இணைக்க வழியில்லை. மூளை ‘மேடு வருகிறது’ என்று அனுப்பும் செய்தி புது இதயத்துக்குப் போய்ச் சேராது. அடக்கி வைக்கும் நரம்பும் இல்லாததால் ஓய்விலேயே அது 90, 100 என்று துடிக்கும். ஏறத் தொடங்கினால் முதல் சில நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல அதே கதியில் இருக்கும். அட்ரினலின் இரத்தத்தில் கலந்து மெல்ல வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். அதுவரை, கால் தசைகள் பிழிந்து அனுப்பும் கூடுதல் இரத்தத்தால் விரிந்து, விரிந்த அளவுக்கு வலுவாகச் சுருங்கித்தான் அது சமாளிக்கிறது. ஆகவே பெர்கின்ஸ் போன்றவர்கள் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் நெடுநேரம் நடந்து இதயத்துக்குச் சேதி சொல்லியாக வேண்டும். நின்ற பிறகும் அதே தாமதம். பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவரின் நாடி இறங்கிய பிறகும், இரத்தத்தில் அட்ரினலின் தீரும்வரை இந்த இதயம் இன்னும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.